குடலின் கடைசிச் சாண்

பிறந்த குழந்தை பால் குடித்ததா என்று கேட்பதைப் போலவே, மலம் கழித்ததா என்றும் மருத்துவர் கேட்பார். பாட்டிமார் காட்டுப்பீ என்று சொல்லும் அந்தக் கரும்பச்சைப் பிசுக்கு 48 மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால், குடலின் கடைசிச் சாண் வரை நரம்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பார்கள்.

குடல் நரம்புகளுக்குப் பிறந்தகம் குடல் அல்ல. கருவுக்கு நான்கு வாரம் ஆகும்போது, பின்மூளையை ஒட்டிய நரம்பு முகட்டிலிருந்து சில செல்கள் புறப்பட்டு முன்குடலுக்குள் நுழைகின்றன. வழியெல்லாம் பெருகிக்கொண்டே கீழே இறங்குகின்றன. குடலும் அதற்குள் நீண்டுகொண்டே போகிறது! ஏழாம் வார வாக்கில்தான் கடைக்கோடியை எட்டுகின்றன. காடைக் கருவின் செல்களைக் கோழிக் கருவில் ஒட்டவைத்து இந்தப் பயணத்தைத் தடம்பிடித்தவர் பிரான்சின் நிக்கோல் லெ துவாரென். காடைச் செல்லின் உட்கரு நுண்ணோக்கியில் தனியாகத் தெரியும். அதுவே அவருக்கு அடையாளம்.

வந்து சேர்ந்த நரம்பு உடனே பொறுப்பேற்பதில்லை. சுண்டெலிக் கருவில் நரம்பை மருந்தால் முடக்கினாலும் குடல் அலையலையாய்ச் சுருங்குகிறது. தசை தன் போக்கில் அசைகிறது. பிறப்பை ஒட்டித்தான் அங்கே நரம்பின் பிடி வருகிறது. குறைமாதக் குழந்தையின் குடல் ஒழுங்கற்று அசைவதற்கும் இந்த முதிராமைதான் முக்கியக் காரணம். அந்தப் பிஞ்சுகளுக்குப் பாலைத் துளித்துளியாகக் கூட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். பிறந்த பிறகும் வேலை முடிவதில்லை. கிருமியே அண்டாமல் வளர்த்த எலிக்குட்டிகளின் குடல் மந்தமாகவே அசைகிறது. குடலில் குடியேறும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

நரம்பு கடைசிவரை எட்டாத குழந்தைகள் சுமார் 5,000 பேரில் ஒருவர். கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் இதை விவரித்தார். பானையாய் ஊதிய பெருங்குடல்தான் கண்ணில் பட்டது. பல பத்தாண்டுகள் பழியும் அதன்மேல் கிடந்தது. உண்மையில் நோய் இருந்தது அதற்குக் கீழே, பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒடுங்கிய பகுதியில். குடல் தசைக்கு இறுகத் தானாகவே தெரியும்; இளகத்தான் நரம்பு வேண்டும். நரம்பில்லாத இடம் மூடிய கைபோல இறுகியே கிடக்க, மேலிருந்து வருவதெல்லாம் தேங்கி, நல்ல குடல் வீங்கியது. 1948இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆர்வர் ஸ்வென்சன் அந்த ஒடுங்கிய பகுதியை வெட்டியெடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்; குழந்தைகள் பிழைத்தார்கள்.

இன்றும் அந்த அறுவையின் நடுவே ஒரு காத்திருப்பு உண்டு. குடல் சுவரிலிருந்து கிள்ளிய சிறு துணுக்கு ஆய்வகத்துக்குப் போகும். நரம்புச் செல் தெரிகிறது என்று அங்கிருந்து சொல் வந்த பிறகே தையல் விழும்.