பாத்தி தாண்டும் தங்கத் துகள்

சுமார் 200 நானோமீட்டரைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு பொருள்கள் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஒன்றாகத்தான் தெரியும். எர்ன்ஸ்ட் அபே 1873லேயே இதைச் சொல்லிவிட்டார். ஆனால் இருப்பது ஒற்றைத் துகள் என்றால் இந்தத் தடை அவ்வளவாக உறுத்தாது. 40 நானோமீட்டர் தங்கத் துகளின் உருவம் தெரியாவிட்டால் என்ன, அது ஒளியைச் சிதறடிப்பதால் மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறதே! அந்தப் புள்ளியின் மையத்தைச் சில நானோமீட்டர் துல்லியத்தில் கணக்கிட முடியும். படத்துக்குப் படம் மையங்களைக் கோத்தால் துகள் போன தடம் கிடைத்துவிடும்.

ஜப்பானில் அகிஹிரோ குசுமியின் குழு 2002இல் எலிச் சிறுநீரகச் செல் ஒன்றின் சவ்வில் உள்ள லிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறில் இப்படியொரு துகளை ஒட்டியது. வழக்கமான வீடியோ வேகத்தில் பார்த்தால் அது சும்மா மெதுவாக அலைகிறது, அவ்வளவுதான். வினாடிக்கு 40,000 படம் எடுத்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. சவ்வு வயல்போலப் பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கிறது; சுமார் 230 நானோமீட்டர் அகலமுள்ள பாத்திக்குள் மூலக்கூறு பரபரவென்று ஓடுகிறது. சராசரியாக 11 மில்லி வினாடிக்கொருமுறை வரப்பைத் தாண்டி அடுத்த பாத்தியில் குதிக்கிறது. அங்கேயும் அதே ஓட்டம். சவ்வின் உட்புறத்தை ஒட்டியுள்ள ஆக்டின் என்னும் இழைகளும், அவற்றில் பிணைந்து நிற்கும் புரதங்களும்தான் வரப்பு என்பது குசுமியின் விளக்கம். செயற்கைச் சவ்வில் வேகமாக ஓடும் லிப்பிடு உயிருள்ள செல்லில் ஏன் தயங்குகிறது என்ற பழைய புதிருக்கு இங்கே ஒரு விடை கிடைத்தது.

இத்தனை பெரிய உருண்டையைச் சுமந்தால் மூலக்கூறின் நடையே மாறாதா? நியாயமான சந்தேகம். அதனால் ஒளிரும் சாயம் மட்டும் ஒட்டிய லிப்பிடுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். துகளைச் சிறிதாக்கிவிடலாமே என்றால், சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஒளி 64 மடங்கு குறைந்துபோகும்.

சவ்வின் மேல் மட்டுமல்ல, செல் துகள்களை விழுங்கியபிறகும் அவற்றைப் பின்தொடரலாம்; அப்போது தங்கத்தின் நிறமும் சேதி சொல்லும். பின்புலம் கறுப்பாகத் தெரியும் இருண்ட புல நுண்ணோக்கியில் தனித் துகள் பச்சையாக மின்னும். செல்லின் பைகளுக்குள் துகள்கள் நெருக்கியடித்துச் சேர்ந்தால் நிறம் மஞ்சள், சிவப்புப் பக்கம் நகரும். ஆனால் செல்லின் சொந்த உறுப்புகளும் ஒளியைச் சிதறடிப்பதால் எது துகள், எது செல் என்று குழப்பம் வரும். அந்தக் குழப்பத்துக்குத் துகளில் ஒளிரும் சாயத்தை ஒட்டிப் பார்ப்பது தேவலை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: சில நேரம் சாயம் துகளிலிருந்து கழன்றுவிடும். கேமரா மட்டும் சாயத்தையே விடாமல் துரத்திக்கொண்டிருக்கும்.