பின்களக்காரர்

திருப்பூரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், கோவை நேரு விளையாட்டரங்கில், 2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் ஐ-லீக் கால்பந்துப் பருவத்தின் கடைசி நாள் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் அணி கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்று, இங்கே சென்னை சிட்டி கழகத்தார் வெல்லாமல் போனால், சாம்பியன் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். பிற்பாதியில் சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி ஒரு பெனால்டியால் சமன் செய்தார். அதன்பின் மேலும் இரண்டு கோல்கள் விழுந்தன. 3-1 என்று ஆட்டம் முடிந்தபோது சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், தானும் வென்றுவிட்ட ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்தக் கடைசி இரண்டு கோல்களையும் அடித்தவர், பருவம் முழுதும் 21 கோல்கள் போட்டுப் பிரசித்தி பெற்றிருந்த மான்சி அல்லர். கௌரவ் போரா என்ற பின்கள வீரர்.

இதற்கு ஓராண்டு முன்னதாக, 2018 மார்ச் 17இல், பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வென்றது. அங்கும் இரண்டு கோல்களைத் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தியவர் மெயில்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில் நாட்டுப் பின்கள வீரரே. தமிழ்நாட்டின் இரு கழகங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற்ற இரு பட்டங்களும், கோல் அடிப்பதைத் தம் தொழிலாகக் கொள்ளாத இருவரால் கைக்கு வந்தன என்பது வேடிக்கையான தற்செயல்தான். ஆயினும், தம் வேலையைச் செவ்வனே செய்த நூற்றுக்கணக்கான நிமிடங்களால் அல்லாமல், அதை விட்டு விலகிப் பிறர் வேலையைச் செய்த இரண்டொரு கணங்களாலேயே இவர்கள் நினைவில் நிற்கிறார்கள் என்பதைக் காணும்போது, இந்தத் தொழிலின் விசித்திரமான இயல்பு ஒருவாறு புலப்படுகிறது.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையருகே நின்று, ஓட்டையும் கறையும் தையல் விட்ட இடமும் தேடி ஒவ்வொரு உருப்படியாகப் புரட்டிப் பார்க்கும் பெண்களின் உழைப்பு, ஏற்றுமதியாகிப் போகும் சட்டையின் எந்த மூலையிலும் தெரிவதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு பழுதுதான் அயல்நாட்டிலிருந்து புகாராகத் திரும்பி வந்து அவர்களை அடையாளம் காட்டுகிறது. பின்கள வீரருடைய நிலையும் இதுவே. திருப்பூர்க் காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும் கால்பந்துச் சட்டைகளில் 7 என்ற எண்ணும் 10 என்ற எண்ணும் மலிந்து கிடக்கையில், பின்களத்தாருக்குரிய 4 என்ற எண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1956 முதல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்பட்டுவரும் பாலோன் தோர் விருதைப் பெற்ற பின்களத்தார் மூவரே: 1972இலும் 1976இலும் பெக்கன்பவர், 1996இல் மத்தியாஸ் சாமர், 2006இல் ஃபாபியோ கன்னவாரோ. அவர்களுள்ளும் முதல் இருவர் பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறிச் செல்வதில் பெயர் பெற்றவர்கள். காவலுக்காகவே கொண்டாடப்பட்டவர் என்று கன்னவாரோ ஒருவரைத்தான் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காவல் எவ்விதம் நடைபெறுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கோல் கம்பங்களுக்கிடையே உள்ள அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நேர் எதிரே நின்று உதைப்பவனுக்கு இந்த வாயில் முழுதாகத் திறந்திருக்கிறது. அவன் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஒதுங்க ஒதுங்க, அவன் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போய், மூலைக்குச் சென்றபின் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. ஆகவே பின்களக்காரரின் முதல் வேலை பந்தைப் பறிப்பது என்று நாம் எண்ணுவது பிழை. எதிரிக்கும் கோலுக்கும் இடையில் நின்று, அவனை எந்தத் திசையில் போக விடுவது என்று தாமே தீர்மானிப்பதுதான் முதல் வேலை. மார்பை நேரே காட்டி நிற்பவரின் கால்களுக்கிடையே பந்தைத் தள்ளிவிட்டு ஓடிவிடலாம், அன்றியும் அவர் திரும்பி ஓட இரண்டு அடி வைக்க வேண்டும். எனவே, தேர்ந்தவர் உடலைப் பாதி திருப்பி, முழங்கால்களைச் சற்றே மடித்து, ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்தைத் திறந்து வைக்கிறார். திறந்து வைத்த பக்கம் பெரும்பாலும் கோட்டின் பக்கமாகவே இருக்கும். கோடும் ஒரு காவலாளிதான், அதை எவராலும் ஏமாற்ற இயலாது.

எதிரி காலை அசைக்கலாம், இடுப்பை வளைக்கலாம், தோளால் பொய் சொல்லலாம். பந்து மட்டும் பொய் சொல்லாது. அதனால் பார்வை பந்தின் மீதே இருக்க வேண்டும் என்பது பாலபாடம். எதிரி முதுகு காட்டி நிற்கையில் நெருங்கிச் சென்று திரும்பவிடாமல் நெருக்குவதும், முகம் காட்டி வருகையில் பின்வாங்கிக்கொண்டே தாமதப்படுத்துவதும், அந்தத் தாமதத்துக்குள் கூட்டாளிகள் வந்து சேர இடம் தருவதுமாக அந்த வேலை நடக்கிறது. சறுக்கி விழுந்து காலால் பந்தைத் தட்டிவிடும் காட்சிக்கு அரங்கில் கரவொலி எழுவது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் கடைசி உபாயம். முன்பே சரியான இடத்தில் நின்றிருந்தால் விழ வேண்டிய அவசியமே நேர்ந்திராது என்று பயிற்சியாளர்கள் முணுமுணுப்பதும் உண்டு. விழுந்தவர் எழுந்திருக்கும் வரையில் அணிக்கு ஓர் ஆள் குறைவு அல்லவா?

இதுவரை சொன்னது தனியாள் வித்தை. நால்வர் சேர்ந்து செய்வதுதான் இதைக் கலையாக்குகிறது. ஒருவர் பந்தை நோக்கிச் சென்றால் அடுத்தவர் அவருக்குப் பின்னால் சரிந்து நிற்பார். மற்ற இருவரும் உள்நோக்கி நகர்ந்து இடைவெளியைக் குறுக்குவர். பந்து மறுபக்கம் மாறினால் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்போல் அப்பக்கம் நகர்வர். இவர்கள் சேர்ந்து முன்னேறினால் எதிரி ஆஃப்சைடு ஆகிவிடுவான். ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் அந்தக் கோடு குலைந்துவிடும். தொலைக்காட்சிக் கேமரா பந்தையே துரத்துவதால் இந்த நகர்வை வீட்டிலிருப்பவர் காண்பது அபூர்வம்; அரங்கின் உயரமான படிகளில் அமர்ந்து, ஒரு பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டுப் பார்த்தவருக்கே இது தெரியும்.

இந்த அமைப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பந்து தரப்படும் கணத்தில் முன்னே நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியார் மூவராவது இருக்க வேண்டும் என்றிருந்த ஆஃப்சைடு விதியை 1925இல் இருவர் என்று தளர்த்தினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் முந்திய பருவத்தில் 1,192ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703ஆகப் பெருகின. அவ்வாண்டு அக்டோபரில் நியூகாஸிலிடம் 7-0 என்று தோற்ற ஆர்சனல் அணி, சார்லி பியூக்கன் என்ற தன் முன்கள வீரரின் யோசனையின்பேரில், நடுகளத்தின் மையத்தில் ஆடிவந்தவரைப் பின்னுக்கு இழுத்து இரண்டு காவலருக்கும் நடுவே நிறுத்திற்று. இன்று நாம் ஸ்டாப்பர் என்று அழைக்கும் ஆசாமி ஒரு படுதோல்வியை அடுத்து இவ்விதம் நிலைபெற்றவர்.

நம் நாட்டில் இத்தொழிலின் இலக்கணமாக விளங்கியவர் சைலேன் மன்னா. மோகன் பகான் கழகத்துக்காக 19 ஆண்டுகள் இடப்பக்கக் காவலராக ஆடி, ஜீவனத்துக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம் பார்த்துவந்த அவர், 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் தலைவர். ஆனால் 1948 லண்டன் ஒலிம்பிக்ஸைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணிக்காகச் சாரங்கபாணி ராமன் கோல் அடித்ததும், பிரான்ஸிடம் 2-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் வீணான இரண்டு பெனால்டிகளுள் ஒன்று மன்னாவுடையது என்பதுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவருக்குப் பின் வந்த ஜர்னைல் சிங்கோ, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தையல் போட்ட தலையோடு முன்களத்தில் இறக்கப்பட்டு, தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஒரு கோல் அடித்ததனால் கதாநாயகரானார். ஆசியாவின் தலைசிறந்த ஸ்டாப்பர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்பட்டதற்கு அந்தக் கோல் காரணமே அன்று. தவறினால் கிடைக்கும் தண்டனை எவ்வளவு கொடியதாகவும் இருக்கக்கூடும் என்பதற்குக் கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் சாட்சி: 1994 உலகக் கோப்பையில் தம் வலைக்குள்ளேயே தவறிப் பந்தை அடித்த அவர், ஊர் திரும்பிய சில நாட்களில் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மன்னாவின் காலத்தில் ஆட்டம் உத்தியோகத்தின் நிழலில் வளர்ந்தது. சென்னையிலும் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகளில் இடம் பெற்றவருக்கு, கால் ஓய்ந்தபின்னும் மேசையும் நாற்காலியும் காத்திருந்தன. 2007இல் ஐ-லீக்கும் 2014இல் ஐ.எஸ்.எல்.லும் வந்தபின் ஒப்பந்தம் என்ற ஏற்பாடு நிலைத்தது. கூலி உயர்ந்தது, நிச்சயம் குறைந்தது. கோவையில் பட்டம் வென்ற அந்தக் கழகத்தையே 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் காணவில்லையென்றால், அதை நம்பியிருந்த ஆட்டக்காரரின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. பின்களத்தாருக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு: வேகத்தை நம்பும் முன்களத்தாரைக் காட்டிலும், இடமறிந்து நிற்கும் அனுபவத்தை நம்பும் இவர்களால் முப்பதைத் தாண்டியும் பல ஆண்டுகள் ஆட முடிகிறது.

அந்த நீண்ட ஆயுளுக்கும் ஒரு விலை இருப்பதாக இப்போது தெரிகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் குழுவினர் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் 7,676 பேரை ஆராய்ந்து, மூளை நலியும் நோய்களால் அவர்கள் மரணமடையும் வாய்ப்பு பொதுமக்களைவிட சுமார் மூன்றரை மடங்கு என்று 2019இல் கண்டனர். 2021இல் அந்நோய்கள் வரும் அபாயத்தை ஆடும் இடம்வாரியாகப் பிரித்தபோது, கோல் காப்பாளருக்கு அது பொதுமக்களுக்கு உள்ளதைப் போன்றே இருந்தது. பின்களத்தாருக்கோ ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று. உயரத்திலிருந்து வரும் பந்தை நாள்தோறும் தலையால் முட்டித் திருப்புவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஐயுறுகிறார்கள். அவ்வாண்டே இங்கிலாந்தில், பலமான முட்டுதல்கள் பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று பெரியவர்களின் அணிகளுக்கு அறிவுறுத்தினார்கள். சிறுவர்களைப் பொறுத்தவரையில், பதினோரு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் முட்டச் சொல்லிக்கொடுப்பதே கூடாதென்று அதற்கு முந்தைய ஆண்டிலேயே சொல்லியாயிற்று. நம் ஊர் மைதானங்களில் மாலை நேரத்தில் சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, உயரத் தூக்கி எறிந்த பந்தை ஒவ்வொருவராக முட்டச் சொல்லும் பயிற்சியாளர்கள் பதினொன்று என்ற இந்த எண்ணைக் கொஞ்சம் குறித்துக்கொள்வது நல்லது.