அம்புக்குறிகளுக்கு அடியில் ஓடும் பாட்டு யாருடையது?

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-இல் விளையாட்டுக் கூடங்களில் இறக்கிய ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ காலால் ஆடும் ஆட்டம். திரையில் அம்புக்குறிகள் மேலேறி வரும். தாளம் தப்பாமல் தரையில் உள்ள பலகையை மிதிக்க வேண்டும். மூன்றே ஆண்டுகளில், 2001-இல், அதே ஆட்டத்தைக் கணினியில் ஆட ‘ஸ்டெப்மேனியா’ என்ற இலவச மென்பொருள் வந்துவிட்டது. அன்று முதல் ஆர்வலர்கள் பிடித்த பாட்டுக்கு அம்புக்குறி வரிசை அமைத்து, பாட்டையும் சேர்த்து ஒரே கோப்புறையாகக் கட்டி, ‘பேக்’ என்று பகிர்ந்து வருகிறார்கள். வரிசை, அதை அமைத்தவரின் சொந்த உழைப்பு. பாட்டு அப்படியல்ல.

மென்பொருள் இலவசம் என்பதால் அதில் ஓடும் பாட்டும் இலவசம் ஆகிவிடாது. ஸ்டெப்மேனியாவே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. நிரல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. அதைக் கொண்டு பொருள் செய்து விற்கவும் தடையில்லை. உடன் வரும் பாடல்களோ வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். சினிமாப் பாட்டையோ பிரபல ஆல்பத்தையோ அனுமதியில்லாமல் பேக்கில் போட்டு ஊருக்குப் பகிர்வது பதிப்புரிமை மீறல். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவில், தெரிந்தே மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. வியாபார ஆதாயம் இல்லாத இடத்தில் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்பது மட்டுமே ஆறுதல்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் வெளியிட்ட உரிமங்களும் அவற்றின் பிற்காலப் பதிப்புகளும், இசைக்கலைஞர் தாமாகவே “எடுத்துப் பகிருங்கள்” என்று சொல்ல வழி செய்தன. ஜமெண்டோ, ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ், சிசிமிக்ஸ்டர் போன்ற தளங்களில் அப்படிப்பட்ட பாடல்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் சில எழுத்துகள் நிற்கும். பேக் கட்டுகிறவர்கள் பலர் அவற்றைப் படிப்பதில்லை. ‘பிஒய்’ என்றால் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். ‘என்சி’ என்றால் பணம் பண்ணக் கூடாது. ‘எஸ்ஏ’ என்றால் மாற்றி வெளியிடுவதை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ‘என்டி’ என்றால் மாற்றியதை வெளியிடவே கூடாது.

தாள விளையாட்டுக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி எழுத்துகளைத்தான். 2013-இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 பதிப்பு ஒன்றைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது: பாட்டை அசையும் படத்தோடு நேரம் பொருத்தி இணைத்தால் அது எப்போதும் தழுவல், அதாவது மாற்றிய படைப்புதான். பின்னணியில் வீடியோ ஓடும் பேக் அந்த வரையறைக்குள் நேராகவே வந்து விழுகிறது. வெறும் அம்புக்குறிகள் மட்டும் ஓடினால் அதுவும் தழுவலா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆறு நிமிடப் பாட்டை ஆட்டத்துக்காக இரண்டு நிமிடமாக வெட்டி ஒட்டினாலோ, வேகத்தைக் கூட்டினாலோ, தழுவல் அல்ல என்ற வாதம் நிற்பது கடினம். ஆகவே என்டி எழுத்து உள்ள பாட்டைத் தொடாமல் விடுவதே பத்திரம். கட்டாயம் வேண்டுமென்றால் கலைஞரிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். எம்பி3 கோப்பை ஓஜிஜியாக மாற்றுவதில் பயமில்லை. வடிவ மாற்றம் தழுவல் ஆகாது என்று உரிமமே சொல்கிறது.

என்சி பாடல்களிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பேக்கை இலவசமாகத் தருவது சரி. அதே பாட்டை நுழைவுக்கட்டணம் வாங்கும் போட்டியில் ஓடவிட்டால், அல்லது விளம்பரம் வரும் வீடியோவில் ஆடிக் காட்டினால், பணம் எங்கே போகிறது என்ற கேள்வி எழும்.

“யார் வழக்குப் போடப் போகிறார்கள்?” என்பவர்களுக்கு பெல்ஜியத்தில் பதில் இருக்கிறது. லிஷோட்மாப்வா என்ற இசைக்குழு பிஒய்-என்சி-என்டி உரிமத்தில் ஒரு பாட்டை இணையத்தில் வைத்திருந்தது. ஒரு நாடக விழா அதன் துண்டு ஒன்றை வெட்டி, குழுவின் பெயரைச் சொல்லாமல், விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. 2010-இல் நீவெல் நகர நீதிமன்றம் குழுவுக்கு 4,500 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. பெயர் சொல்லாதது, வணிகத்துக்குப் பயன்படுத்தியது, மாற்றியது என்று மூன்று நிபந்தனைகளும் மீறப்பட்டிருந்தன. சிறு குழு, சிறு பாட்டு. உரிமம் நீதிமன்றத்தில் செல்லுபடியானது. இதைப் பயமுறுத்தலாகப் பார்க்காமல், தன் பாட்டைத் தாராளமாகத் திறந்து வைத்த ஒரு கலைஞருக்குக் கிடைத்த மரியாதையாகப் பார்ப்பதே சரி.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. அடுத்தவர் பாட்டைத் தன்னுடையது என்று ஏற்றி, இலவச உரிமம் ஒட்டிவிடும் ஆட்கள் உண்டு. அப்படி ஒட்டிய உரிமம் செல்லாது. நம்பி எடுத்தவருக்கும் சிக்கல் வரும். கலைஞரின் சொந்தப் பக்கத்தில் அதே உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், எடுத்த அன்றே அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைப்பதும் நல்ல காவல். உண்மையாகக் கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் பின்னால் திரும்பப் பெற முடியாது. பாட்டு இணையத்திலிருந்து மறைந்தாலும், சேமித்த பக்கம் சான்றாக நிற்கும்.

பெயர் சொல்வதில் ஒரு தொழில்நுட்ப ஓட்டை இருக்கிறது. ஸ்டெப்மேனியாவின் ‘எஸ்எம்’ கோப்பில் பாட்டின் தலைப்புக்கும் கலைஞருக்கும் வரிசை அமைத்தவருக்கும் தனித்தனி இடம் உண்டு. உரிமத்துக்கென்று இடம் இல்லை. கை மாறி மாறிப் போகும் பேக்கில் அந்தத் தகவல் முதலில் தொலைகிறது. பாட்டுக் கோப்புறைக்குள்ளேயே ஓர் எழுத்துக்கோப்பு வைத்து, பாட்டின் பெயர், கலைஞர், எடுத்த முகவரி, உரிமத்தின் பெயரும் பதிப்பும், செய்த மாற்றங்கள் ஆகியவற்றை எழுதிவிட்டால் போதும். அட்டைப் படத்துக்கும் இதே கவனம் வேண்டும். அது வேறொருவர் வரைந்தது, அதன் உரிமை தனி.

தவறு நேர்ந்துவிட்டால் வழி அடைபடுவதில்லை. 4.0 உரிமத்தில் மீறல் நடந்த உடனே உரிமை தானாக முடிந்துவிடும். ஆனால் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் தானாகவே திரும்பிவிடும். விடுபட்ட பெயரைச் சேர்த்து, கலைஞருக்கு ஒரு கடிதமும் எழுதிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே அடங்கும். நியாயமாகக் கட்டிய பேக்கின் மேல் பொய்ப் புகார் வந்து கோப்பு நீக்கப்பட்டால், அமெரிக்கத் தளங்களில் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டப்படி எதிர்மனு கொடுக்கலாம்; புகார் செய்தவர் வழக்குக்குப் போகாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் கோப்பு திரும்ப வைக்கப்பட வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, புகார் செய்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் கோப்பை மீண்டும் திறக்கலாம். உரிமப் பக்கத்தைச் சேமித்து வைத்தவர் அந்த எதிர்மனுவோடு சான்றையும் இணைத்து அனுப்பலாம்.