வாயைத் திறக்காமல் வயது சொல்வது

வியாழக்கிழமை விடியும் முன்பே அய்யலூர் சந்தைக்குப் போய்விட வேண்டும். திண்டுக்கல்–திருச்சி சாலையோரம் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். கிடா வாங்க வருகிறவர் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. கிடாவைக் கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு, கீழுதட்டைக் கட்டைவிரலால் மடக்குகிறார். இரண்டு நொடிதான். "ரெண்டு பல்லு" என்கிறார். பேரமெல்லாம் அதற்குப் பிறகு.

ஆட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது. கெட்டியான ஈறு மட்டும்தான். கீழே எட்டுப் பற்கள். குட்டியில் எட்டுமே பால் பற்கள். சன்னமாக, அரிசியைப் பதித்த மாதிரி இருக்கும். ஒரு வயது கடந்து ஒன்றரை வயதுக்குள் நடு ஜோடி விழுந்து, அந்த இடத்தில் அகலமான இரண்டு பற்கள் முளைக்கும். அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு ஜோடி. இரண்டு வயதை ஒட்டி நாலு பல், மூன்றை ஒட்டி ஆறு பல், நாலு வயதுவாக்கில் எட்டும் முளைத்துவிட்டால் 'கடை சேர்ந்தது'. அதற்கு மேல் முளைக்க ஒன்றுமில்லை. தேய்ந்ததையும் சந்து விட்டதையும் ஆடுவதையும் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான்.

பக்ரீத் நெருங்கினால் இந்தக் கணக்குக்கு மதிப்பு கூடிவிடும். ஹனபி மரபில் குர்பானி வெள்ளாட்டுக்கு ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும், ஷாஃபி மரபில் இரண்டாண்டு. ஆட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? பல்தான் சாட்சி.

இப்போது கிடாக்கள் வாட்ஸ்அப்பிலும் விற்கின்றன. கோயில் நேர்த்திக்கடனுக்காக ஒருமுறை படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பினேன். பின்னால் வளைந்த கனத்த கொம்பு, கொஞ்சம் தாடி. இரண்டு வயது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வண்டியிலிருந்து இறக்கி உதட்டை மடக்கினால் அத்தனையும் பால் பல். விற்றவர் பொய் சொல்லவில்லை. வயதை நான் கேட்கவே இல்லை. கொம்பைப் பார்த்து ஏமாந்தது என் கண்.

காட்டில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. மான் வாயைக் காட்டாது. கிடைப்பதெல்லாம் மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமரா பிடித்த படம். உடல் சூடுள்ள ஒன்று குறுக்கே நகர்ந்ததும் அதிலுள்ள உணரி விழித்துக்கொண்டு படமெடுக்கிறது. இந்தியாவுக்கு இது பழகிய கருவி. 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல் படங்கள் விழுந்தன, அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. மீதியில் எத்தனை மான்கள் நடந்துபோயிருக்கும்! புலியை அதன் வரிகள் காட்டிக்கொடுத்துவிடும். மானின் வயதை அப்படிப் படித்துவிட முடியாது.

எல்லோருடைய கண்ணும் முதலில் கொம்புக்குத்தான் போகும். தமிழில் ஆட்டுக்கும் மானுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் குழப்பம் வேறு. ஆட்டுக் கொம்பு ஆயுளுக்கும் கூடவே வளர்வது, விழாது. புள்ளிமான், கடமான் கொம்புகள் வெறும் எலும்பு. விழுந்து, வெல்வெட் போன்ற தோல் போர்த்தி, மறுபடி முளைப்பவை. முதல் முறை கிளையில்லாத குச்சி மாதிரி முளைக்கும். அது இருந்தால் இளசு என்று தயங்காமல் சொல்லலாம். வளர்ந்த பிறகோ இந்த இரண்டு மான்களுக்கும் வழக்கமாகக் கொம்புக்கு மூன்று கிளைதான். நாலு வயதிலும் மூன்று, எட்டு வயதிலும் மூன்று. நீளமும் கனமும் அந்த ஆண்டு மேய்ச்சலைப் பொறுத்தது.

ஆகவே கழுத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அமெரிக்காவில் வெள்ளைவால் மானை இப்படித்தான் பார்க்கிறார்கள். அங்கே வேட்டைக்கு அனுமதி உண்டு, இளம் கிடாக்களை விட்டுவைக்க வயது தெரிந்தாக வேண்டும். இளங்கிடா கால்கள் உயர்ந்து, கழுத்து மெலிந்து, வயிறு ஒட்டி, பெட்டைக்குக் கொம்பு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். வயது ஏற ஏற நெஞ்சு இறங்கும், கழுத்து தடித்து நெஞ்சோடு ஒன்றாகும். முதிர்ந்ததில் முதுகு நடுவில் சற்றுக் குழிந்து, வயிறு நெஞ்சு மட்டத்துக்குத் தொங்கும். கால்கள் குட்டையாகிவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் குறைந்தது காலல்ல, வயிற்றுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள வெளிச்சம். படத்தில் அந்த வெளிச்சத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதிலும் சறுக்கல்கள் உண்டு. இணை தேடும் காலத்தில் கழுத்து புடைத்து இளசும் முதிர்ந்ததாகத் தெரியும். கோடையில் காய்ந்து கிடந்தால் முதிர்ந்ததும் ஒட்டிப்போகும். முழங்கால் உயரத்தில் கட்டிய கேமராவுக்கு மிக அருகில் வந்த மானுக்குக் கால் நீண்டுவிடும். தலை குனிந்து மேயும் படமும் நேரெதிரே வரும் படமும் வீண். பக்கவாட்டில், சமதரையில், தலை நிமிர்ந்து நிற்கிற படம் ஒன்றாவது வேண்டும். இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் எல்லாமே கறுப்பு வெள்ளை. நிறத்தை நம்ப முடியாது.

அது பெரிய இழப்புத்தான், ஏனென்றால் நம் விலங்குகள் சிலவற்றில் நிறமே வயதைச் சொல்லிவிடும். வெளிமான் கிடா இளமையில் பெட்டையைப் போல வெளிர் பழுப்பு. முதிர முதிரக் கறுக்கும். பழனி மலைப் பாறைகளிலுள்ள வரையாட்டில் முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல வெளுப்பு படரும். ஆணுக்கு மட்டும் இரலை, கலை, மோத்தை, தகர், உதள், அப்பர் என்று பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் அடுக்குகிறதே, அத்தனை பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

இங்கே வேட்டைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. நமக்கு 'ஐந்தரை வயது' என்ற துல்லியம் வேண்டியதில்லை; குட்டி, இளசு, வளர்ந்தது, முதிர்ந்தது என்று பிரித்தால் கூட்டம் பெருகுகிறதா, தேய்கிறதா என்று பிடித்துவிடலாம். படத்தை வைத்து அதற்கு மேல் துல்லியம் பேசுகிறவரை நான் நம்புவதில்லை. செத்த மானின் பல்வேரை அறுத்து, மர வளையம்போல உள்ளே படிந்த கோடுகளை எண்ணினால் ஒருவேளை கிட்டும்.

போன மாதம் சந்தையில் தரகர் ஒருவரிடம் கைபேசியிலிருந்த புள்ளிமான் படத்தைக் காட்டினேன். கொம்பு மரக்கிளைக்குள் மறைந்திருந்த படம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கடை சேர்ந்திருக்கும்ங்க. நெஞ்சு எறங்கியிருச்சு, பாருங்க."

"எப்படிண்ணே, பல்லப் பாக்காமலே?"

"நிக்கிற நெலையிலயே தெரியுதே" என்றவர், படத்தை இன்னொருமுறை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் சொன்னார்: "கறி முப்பது கிலோவுக்குக் கொறையாது."

நான் அவசரமாகக் கைபேசியை வாங்கிக்கொண்டேன்.