மனச்சிதைவுக்கு வைட்டமின்: விற்பவர் சொல்லாமல் விடும் பாதி

மனச்சிதைவு நோய்க்கு வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்துவரும் வீட்டில், 'பக்கவிளைவே இல்லாத வழி இருக்கிறது' என்று யாராவது சொன்னால் காது அந்தப் பக்கம் தானாகத் திரும்பும். மாத்திரையால் எடை கூடுகிறது, பகலெல்லாம் தூக்கம், கை நடுக்கம். பிள்ளை பழையபடி கலகலப்பாக இல்லையே என்ற ஏக்கம் வேறு. அந்த ஏக்கத்தைக் குறிவைத்துத்தான் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற வாசகத்தோடு வைட்டமின் டப்பாக்கள் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கின்றன.

ஆராய்ச்சி இருப்பது உண்மை. 2017-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஃபர்த் குழுவினர், 18 சோதனைகளில் பங்கேற்ற 832 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பி6, பி12, இனோசிட்டால் போன்றவற்றை அதிக அளவில் கொடுத்த சோதனைகளில் அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தன. குறைந்த அளவில் பலனில்லை. நோய் தொடங்கிக் கொஞ்ச காலமே ஆனவர்களுக்குப் பலன் கூடுதல். ஆனால் இந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் யாரும் வழக்கமான மனநல மருந்தை விட்டுவிட்டு வைட்டமினுக்கு மாறியவர்கள் அல்லர். மருந்தும் ஓடியது, அதன் மேல் வைட்டமினும் சேர்ந்தது. விற்பவர் விழுங்குவது இந்தப் பாதியைத்தான்.

வைட்டமினே போதும் என்ற ஆசை புதியதல்ல. 1950-களில் கனடாவின் சஸ்காட்செவனில் மனநல மருத்துவர்கள் ஆப்ரம் ஹோஃபரும் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் நியாசின் என்ற வைட்டமினைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்து நம்பிக்கை ஊட்டினார்கள். பிறகு வந்த சோதனைகளில் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு அதை நிராகரித்தது. வைட்டமின் டி-யும் பிரிட்டனில் நடந்த சோதனையில் கைகொடுக்கவில்லை.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? 65 சோதனைகளைத் தொகுத்து 2012-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுப்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு. நிறுத்திய மறுநாளே நோய் திரும்பிவிடாது என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. முதல் சில வாரங்கள் சோர்வு நீங்கி முகம் தெளிகிறது, புகழ் வைட்டமினுக்குப் போகிறது.

சத்து மாத்திரைதானே, கெடுதல் என்ன என்பார்கள். பி6 நம் உடலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் போதும். அதைக் கிராம் கணக்கில் மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு நரம்பு பாதித்து, கால் மரத்து, நடை தள்ளாடியதை 1983-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். நியாசின் மிகுந்தால் கல்லீரல் கெடும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகக் கொடுத்தால், பி12 குறைவால் வரும் ரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் சத்தமில்லாமல் வளரும்.

கேட்டு வாங்க வேண்டியது ரத்தப் பரிசோதனை. பி12 குறைவே சிலருக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கும். எடை கூடாமலிருக்கத் தரும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கக்கூடியது. குறைவு இருந்தால் ஈடுசெய்யச் சொல்லி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். சிகிச்சை பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெற மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உரிமை தருகிறது. மருத்துவ ஆவணங்களையும் கேட்கலாம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். 'மருந்துக்குக் காசில்லை, அதனால் இந்த டப்பா' என்ற நிலை வரவே கூடாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த வரியை அச்சிட்டுவிட்டு மனநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மருந்து என்றே சொல்லி விளம்பரம் செய்தால், 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டம் பாயும். அதன் நோய்ப் பட்டியலில் மனநோயும் உண்டு. ரசீது, டப்பா, விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உடம்புக்கு ஏதாவது வந்தால் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு எண் 1800-180-3024. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை.

ஏற்கெனவே மருந்தை நிறுத்தியாகிவிட்டதா? பயந்துபோய் பழைய அளவை நீங்களாகவே மறுபடி தொடங்காதீர்கள். க்ளோசபின் என்ற மனநல மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால், மருத்துவர் 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்றுவார். முழு அளவைச் சட்டென்று போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். டாக்டரை உடனே பிடிக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.