சனிக்கிழமைக் கூலி திங்கட்கிழமை எங்கே போகிறது?

திருப்பூர் பனியன் நிறுவனங்களில் பெரும்பாலும் சனிக்கிழமை மாலைதான் கூலி கைக்கு வருகிறது. திங்கட்கிழமை காலையில் பேருந்துக் கட்டணத்திற்குக் கைமாற்று கேட்கும் நிலை வந்துவிடுகிறது. இதைப் பார்ப்பவர்கள், "காலனிக்காரர்களுக்குக் காசின் அருமை தெரியாது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எம்மிடம் சட்ட உதவிக்கு வருவோர் பலரும் அதே சொல்லைத் தம் மீதே சுமத்திக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

செக்கிங் பிரிவில் வேலை செய்யும் தோழி ஒருவர் தம்மை "ஊதாரி" என்றார். புகார் மனு எழுதும் முன், நான்கு வாரச் செலவை ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னோம். அரிசி, வாடகை, மகனின் பள்ளிச் செலவு அனைத்தையும்விடப் பெரிய வரி தவணையாக இருந்தது. நான்கு இடங்களில் கடன். அவற்றில் இரண்டு, பழைய கடனை அடைக்க வாங்கிய புதிய கடன்கள்.

தண்டல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பெயர். கையில் தருவது 8,500. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டுக் கணக்கில் இது ஏறத்தாழ 120 விழுக்காடு. இத்தகைய வட்டியை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆயினும் புகார் கொடுப்போர் அரிது.

வரவின் தன்மையையும் பார்க்க வேண்டும். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்டு, இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் வேலை. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது முதலில் சுருங்கியது ஆர்டர், அடுத்துச் சுருங்கியது வேலை நாள். தவணை மட்டும் சுருங்கவில்லை. ஏறி இறங்கும் வரவின் மேல் அசையாத தவணையை ஏற்றி வைத்தால் எந்தச் சிக்கனக்காரரின் கணக்கும் உடையும்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் என்னும் ஆய்வாளர்கள் திருப்பூர் வட்டாரத்தின் இரு ஊர்களை ஒப்பிட்டு 2014இல் எழுதினர். ஓர் ஊரில் தலித்துகள் விசைத்தறி உரிமையாளரிடம் முன்பணத்தால் கட்டுண்டு கிடந்தனர்; மற்றோர் ஊரில் பனியன் வேலைக்குச் சென்றவர்கள் ஊர்ச் சாதியாரைச் சார்ந்திருப்பதிலிருந்து பெருமளவு விலகினர். நுண்கடனின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. நிலவுடைமையாளர் வாசலில் கைகட்டி நிற்காமல் கிடைக்கும் பணம் அது. காதுகுத்துக்குப் பந்தல் போடுவதும், தவணையில் இருசக்கர வண்டி வாங்குவதும் வெறும் ஆடம்பரம் என்று எம்மால் சொல்ல முடியாது. செருப்பணிந்து தெருவில் நடக்கத் தடை இருந்த ஊர்களின் பிள்ளைகள் அவர்கள். ஆனாலும் அந்தப் பந்தலுக்குத் தண்டல் பணம் வாங்கினால், வாசல்தான் மாறுகிறது. கைகட்டி நிற்பது மாறுவதில்லை. இதைச் சொல்ல எமக்கே தயக்கமாக இருக்கிறது, சொல்லாமலும் முடியவில்லை.

இனி செய்யக்கூடியவை. நோட்டில் முதலில் கடன்களை எழுதுங்கள்: கைக்கு வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு. வட்டி மிகுந்ததை முதலில் அடையுங்கள். சத்தம் போடுபவரின் கடன்தான் முதலில் அடைக்க வேண்டிய கடன் என்பதில்லை. நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதித்த நெறிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அக்குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 20,000 ரூபாய் வரும் வீட்டில் ஏற்கெனவே 10,000 தவணை இருக்கும்போது மேலும் கடனைத் திணித்தால், தவறியது நிறுவனம். வட்டி விவரத் தாளைத் தர வேண்டியது அவர்கள் கடமை. முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியுள்ளது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. முன்பணத்தைக் காட்டி வேலையைவிட்டுப் போகவிடாமல் தடுத்தால், அது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அந்தக் கடனே செல்லாது.

வரவுப் பக்கத்தையும் விடக் கூடாது. மிகைநேர வேலைக்கு இரு மடங்கு கூலி என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதலே உள்ள உரிமை. எம் தோழியின் நோட்டில் அந்த வரி ஒற்றை மடங்காகவே இருந்தது. இரண்டு சனிக்கிழமைகள் அதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். வராத கூலி, ஏறத்தாழ ஒரு தண்டல் தவணையின் அளவுக்கு வந்தது. வட்டிப் புகாரோடு கூலிக் கோரிக்கையையும் சேர்த்து எழுதி, இரண்டின் நகலையும் அவர் நோட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறார்.