பரிசு பெறும் ஊரும் கணக்கில் வராத தெருவும்

மகாராட்டிர அரசு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சந்த் காட்கே பாபா கிராமத் தூய்மை இயக்கம்’, இந்தியாவில் இன்று நடைபெறும் பல ஊரகப் போட்டிகளுக்கு முன்னோடியாகும். ஏறத்தாழ 28,000 கிராம ஊராட்சிகளைக் கொண்ட அம்மாநிலத்தில், ஊர்மக்கள் தம் தெருக்களையும் கழிவுநீர் வாய்க்கால்களையும் பள்ளி வளாகங்களையும் பொதுச் சாவடிகளையும் தம் உழைப்பால் செப்பனிட்டு, முதலில் வட்டார அளவிலும், பின்னர் மாவட்ட, கோட்ட, மாநில அளவுகளிலும் போட்டியிடுவர். அரசு முன்கூட்டியே நிதி ஒதுக்காது. ஆய்வுக்குழு வந்து பார்த்து மதிப்பெண் வழங்கும். வென்ற ஊருக்குப் பரிசுத்தொகை கிடைக்கும். அப்போது ஊரக வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்த ஆர்.ஆர். பாட்டீல் இத்திட்டத்தின் வாயிலாகவே மாநிலமெங்கும் அறியப்பட்டார். ஒன்றிய அரசு 2003இல் அறிவித்த ‘நிர்மல் கிராம் புரஸ்கார்’ விருதுக்கும் இந்த மகாராட்டிர அனுபவமே உந்துதலாக அமைந்தது.

ஊர் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. தூய்மையின்மையால் மிகுதியாக நோய்வாய்ப்படுவோர் தலித் மக்களே என்பதால், இவ்வகை இயக்கங்களால் மிகுதியாகப் பயன்பெற வேண்டியவர்களும் அவர்களே. ஆயினும் ‘ஊர்’ என்ற ஒற்றை அலகுக்கு மதிப்பெண் வழங்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைச் சட்டக் கண்ணோட்டத்தில் ஆராய வேண்டியுள்ளது. அம்பேத்கர் அரசியல் நிர்ணய அவையில் கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாகக் கொள்ள மறுத்ததும், அதன் உள்ளே ஓடும் பிளவை அவர் அறிந்திருந்ததால்தான்.

இயக்கத்திற்குப் பெயர் தந்தவரிடமிருந்தே தொடங்கலாம். 1876இல் அமராவதி மாவட்டத்தில், சலவைத் தொழில் செய்யும் பரீட் சாதியில் பிறந்தவர் காட்கே பாபா. கையில் துடைப்பத்துடன் ஊர் ஊராகச் சென்றவர். ஒரு சிற்றூரை அடைந்ததும் முதலில் தெருவையும் வாய்க்காலையும் தாமே கூட்டுவார். மாலையில் கீர்த்தனை பாடி, மூடநம்பிக்கையையும் உயிர்ப்பலியையும் மதுவையும் தீண்டாமையையும் சாடுவார். கிடைத்த நன்கொடைகளைக் கொண்டு தங்குமிடங்களும் விடுதிகளும் பள்ளிகளும் எழுப்பினார். பண்டரிபுரத்தில் தீண்டப்படாதோர் எனப்பட்ட யாத்ரீகர்களுக்காக அவர் கட்டிய சோகாமேளர் தர்மசாலையை அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகத்திற்கே அளித்தார். அம்பேத்கர் மறைந்து இரண்டே வாரங்களில், 1956 டிசம்பர் 20 அன்று, அவரும் மறைந்தார். துடைப்பத்தைப் பிடிக்கும் கை எந்தச் சாதியினுடையது என்ற கேள்வியைத் தம் உடலாலேயே எழுப்பியவர் அவர். அவர் பெயரிலான போட்டியின் மதிப்பெண் தாளில் அக்கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பதுதான் நமது வினா.

ஆய்வுக்குழு வருவதற்கு முந்தைய வாரத்தை எண்ணிப் பாருங்கள். ‘சிரமதானம்’ என்ற பெயரில் ஊரே திரள வேண்டும் என்பது கருத்து. ஆனால் சாக்கடையில் இறங்குபவர் யார்? செத்த கால்நடையை அப்புறப்படுத்த யாருக்கு ஆள் அனுப்பப்படுகிறது? மரக்கன்று நடுவதும் கோலமிடுவதும் ஒரு தெருவுக்கும், மலக்குழி ஓரம் துப்புரவு செய்வது மற்றொரு தெருவுக்கும் பகிரப்படுமாயின், அது தொண்டு அன்று. குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 7ஏ பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் ஒருவரைக் கூட்டவோ துப்புரவு செய்யவோ இறந்த விலங்கை அகற்றவோ கட்டாயப்படுத்துவதைத் தீண்டாமைக் குற்றமாகவே கருதுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், விலங்குப் பிணங்களை அகற்றவோ குழி தோண்டவோ செய்வதையும் கையால் மலம் அள்ள வைப்பதையும் தனித்தனிக் குற்றங்களாக வரையறுத்துள்ளது. கட்டாயம் என்பது தடியுடன்தான் வர வேண்டும் என்பதில்லை. பரிசு கைநழுவிவிடும் என்ற ஊர்ப்பேச்சே போதுமானது.

அடுத்தது பொது இடம். பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் இடம் அனைவருக்கும் உரியது என்ற கோட்பாடு வலுப்பெற்ற மண்ணும் மகாராட்டிரமே. 1923இல் எஸ்.கே. போலே பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொது நிதியில் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் குளங்கள், கிணறுகள், தர்மசாலைகள், பள்ளிகள் முதலியவற்றைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்றது. உள்ளாட்சிகள் அசையவில்லை. எனவே 1926இல் அவரே மற்றொரு தீர்மானத்தை முன்வைத்தார்: இதைச் செயற்படுத்த மறுக்கும் நகராட்சிகளுக்கும் உள்ளாட்சி வாரியங்களுக்கும் அரசு மானியம் வழங்கக் கூடாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நிதியையும் சமத்துவத்தையும் நேரடியாகப் பிணைத்தார் என்பதை இன்றைய விருதுத் திட்ட வரைவாளர்கள் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே.

மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தாளில் தீர்மானித்திருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் அந்நீரை அருந்தியபோது தாக்கப்பட்டனர். பின்னர் சாதி இந்துக்கள் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கவிழ்த்து அதைத் ‘தூய்மை’ செய்தனர். தூய்மை என்ற சொல் நம் சமூகத்தில் கிருமிகளைப் பற்றியது மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அப்போராட்டத்தின் உள்ளடக்கமே அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பாக நிலைபெற்றது: அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், நீராடுதுறை, சாலை, பொது இடம் எதிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது. பரிசுத்தொகையும் அரசு நிதியே. அத்தொகையில் அமைக்கப்படும் பூங்காவும் சமுதாயக்கூடமும் இவ்வுறுப்பின் வரம்பிற்குள் வருபவையே.

தூய்மைச் சான்றிதழுக்கும் தலித் குடும்பத்தின் வாழ்நிலைக்கும் இடையிலுள்ள இடைவெளி எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதை மத்தியப் பிரதேசத்தின் பாவ்கேடி காட்டியது. சிவபுரி மாவட்டத்திலுள்ள அவ்வூர், திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் அற்றதாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. 2019 செப்டம்பர் 25 காலையில், திறந்தவெளியில் மலம் கழித்ததற்காக இரு வால்மீகிச் சிறார்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் வீட்டில் கழிப்பறை இல்லை. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 2 அன்று, நாடு முழுவதும் அந்நிலையை எட்டிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கழிப்பறை கட்டித்தருவது அரசின் கடமை. அது இல்லாததற்கான தண்டனையை அனுபவித்தவர்கள் அக்குழந்தைகள்.

மகாராட்டிரத்திற்கே திரும்புவோம். தூய்மைப் போட்டி பெற்ற வரவேற்பைத் தொடர்ந்து, 2007 ஆகஸ்ட் 15 அன்று ‘மகாத்மா காந்தி தண்டா முக்த் காவ்’ என்ற திட்டம் வந்தது. தமிழில் ‘வம்பு தண்டா’ என்கிறோமே, அதே தண்டாதான்: பூசலற்ற ஊர். ஊர்க்குழு பூசல்களைப் பேசித் தீர்க்க வேண்டும். தீர்த்த ஊருக்கு மக்கள்தொகைக்கேற்பப் பரிசு. வரப்புத் தகராறுக்கும் பங்காளிச் சண்டைக்கும் இது பொருந்தலாம். வன்கொடுமைக்குப் பொருந்துமா? ஊர்க்குழுவில் பெரும்பான்மை யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் இருதரப்பும் கூடிப்பேசி முடித்துக்கொள்ளத்தக்கவை அல்ல. உச்சநீதிமன்றம் 2021இல் ராம் அவதார் வழக்கில், மிக எச்சரிக்கையுடன், அரிய சூழல்களில் மட்டுமே உயர்நீதிமன்றங்களும் உச்சநீதிமன்றமும் அத்தகைய நடவடிக்கைகளை முடிவுக்குக் கொண்டுவரலாம் என்றது. ஊர்க்குழுவுக்கு அவ்வதிகாரம் எக்காலத்தும் இல்லை. ஆனால் பரிசு ஒன்று கண்முன் தொங்கும்போது, காவல் நிலையப் படியேறும் தலித் பெண்மணி ஊரின் பெருமையைக் குலைப்பவராக மாற்றப்படுகிறார். குற்றம் செய்தவரைவிடப் புகார் கொடுத்தவரே ஊருக்குப் பகையாகிறார். புகாரைப் பதிவு செய்யாமலிருக்க ‘ஊர் ஒற்றுமை’ காரணமாகக் கூறப்படுவதை, இவ்வழக்குகளை நடத்தும் எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறோம்.

இத்திட்டத்தின்கீழ் விருது பெற்ற ஊர்களில் ஒன்று கயர்லாஞ்சி. 2006 செப்டம்பர் 29 அன்று சுரேகா போட்மாங்கேவும் அவருடைய மகளும் இரு மகன்களும் ஊர்க்கும்பலால் கொல்லப்பட்ட பண்டாரா மாவட்டத்துக் கயர்லாஞ்சியேதான். அக்குடும்பத்தின் நிலத்தினூடே பாதை விடவேண்டும் என்ற நெடுநாள் தகராறும் அதன் பின்னணியில் இருந்தது. விசாரணை நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றன. உயிர்தப்பிய பையாலால் போட்மாங்கே நீதிக்காக அலைந்து 2017இல் இறந்தார். பூசலிட ஒருவரும் மிஞ்சாத ஊருக்குப் பூசலற்ற ஊர் என்ற பட்டம் எளிதில் கிடைத்துவிடுகிறது.

சட்டம் ஊரை ஓர் அலகாகவே காண்பதில்லை என்றும் கூறிவிட முடியாது. குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஏ பிரிவு, ஒரு பகுதியின் குடிமக்கள் தீண்டாமைக் குற்றங்களில் ஈடுபட்டாலோ அவற்றிற்குத் துணைபோனாலோ அப்பகுதி முழுவதன்மீதும் கூட்டு அபராதம் விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதனை வன்கொடுமைகளுக்கும் விரிவாக்குகிறது. கூட்டுப் பரிசுக்கு விழா, மேடை, நிழற்படம் எல்லாம் உண்டு. கூட்டு அபராதமோ ஏட்டிலேயே உறங்குகிறது. தீண்டாமை நிலவும் பகுதிகளையும் வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளையும் இனங்காண்பது இவ்விரு சட்டங்களின்படியும் அரசின் பொறுப்பு. அந்தப் பட்டியலையும் விருதுப் பட்டியலையும் ஒருவர் மேசையில் அருகருகே விரித்துப் பார்த்தாலே பல விருதுகள் நிற்காது.

தமிழ்நாட்டில் சற்று மாறுபட்ட ஒரு முயற்சி உண்டு. சாதி வேறுபாடற்ற மயானம் பயன்பாட்டில் உள்ள சிற்றூர்களுக்கு ரூ.10 இலட்சம் ஊக்கத்தொகை வழங்கப்படும் என 2021இல் மாநில அரசு அறிவித்தது. தெருவின் பளபளப்பை விடுத்து, பயன்பாட்டின் சமத்துவத்தை அளவுகோலாகக் கொண்டது என்ற வகையில் இது சரியான திசையே. எனினும் இங்கும் சரிபார்ப்பவர் யார், சேரியில் எவரிடம் கேட்டார்கள் என்பவை முதன்மையானவை. ‘தலித் குடியிருப்பில் குடிநீர்த் தொட்டி உள்ளதா?’ என்ற வினாவுக்கு ‘ஆம்’ என்ற விடை மதிப்பெண் பெற்றுத்தரும். 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்டதாக வெளிப்பட்ட வேங்கைவயல் தொட்டியும் அவ்வாறு தலித் மக்களுக்கெனத் தனியே கட்டப்பட்டதுதான். தனித்தொட்டி வசதியின் அடையாளமா, பிரிவினையின் அடையாளமா என்பதை ஆய்வுப் படிவம் கேட்பதில்லை.

விருதுக்கு ஓர் ஊராட்சி விண்ணப்பித்திருப்பதாகத் தெரியவந்தால் தலித் குடியிருப்பினர் செய்யக்கூடியவை உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பப் படிவம், மதிப்பெண் தாள், ஆய்வுக்குழு பார்வையிட்ட இடங்களின் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் கோரலாம். 30 நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். கோயில், கிணறு, மயானம், தேநீர்க்கடை, முடிதிருத்தகம் எதில் விலக்கல் நடந்தாலும் நாள், இடம் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியாக மறுப்பு அளிக்கலாம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி அமைந்த மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டத்தில் அதைப் பொருளாக வைக்குமாறும் கோரலாம். கிராம சபையில் எதிர்ப்பைப் பதிவு செய்து, தீர்மான ஏட்டின் நகலைக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்வது பின்னாளில் வழக்கு மன்றத்தில் பயன்படும். மறுப்பு மனு அளித்தவர் ஒதுக்கி வைக்கப்பட்டால், 3(1)(இசட்.சி) பிரிவின்கீழ் சமூகப் புறக்கணிப்பே தனிக்குற்றம், அதற்கு வேறாக முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும்.